உள்ளே வருகிற ஆள்

நான் அவரை முதன்முதலாகக் கண்டது எங்கள் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் வாசலில். உள்ளே வந்தார், சுற்றிப் பார்த்தார், வெளியே போனார். தெருக்கதவான படலை வரை நடந்துவிட்டு மறுபடி வந்தார். இந்த முறை கையில் விரித்த குடை இருந்தது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நான் பீடாதிபதியாகப் பொறுப்பேற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புதிதாக வந்த விரிவுரையாளர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

"என்ன மிஸ், ஏதும் விட்டிட்டியளோ?"

"இல்லை சேர். இப்ப நான் பஸ்ஸிலை வந்த ஆள். குடையை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. குடையோடை நிண்டு படம் பாக்க வெக்கமாக் கிடக்கு."

அடுத்த நாள் வாசலோரம் குடை வைக்க ஒரு மண்சாடி வந்துவிட்டது.

எல்லோருக்கும் அவர் மிஸ்தான். மாணவர்களும் சிற்றூழியர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், துணைவேந்தரும் அப்படித்தான். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். எந்தக் கண்காட்சி அறிவிப்பிலும் தன் பெயரைப் போட அவர் விட்டதில்லை. அதை இப்போது நான் போடுவது சரியல்ல.

கலைக்கூடம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஒருகாலத்தில் யாரோ குடியிருந்த கல்வீடு அது. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஒரு கூடம், சுற்றிவர விறாந்தை. போர் முடிந்த பிறகு கூரையை மாற்றி, சுவருக்கு வெள்ளை அடித்து, நுண்கலை மாணவர்களின் கண்காட்சிகளுக்கென்று பல்கலைக்கழகம் அதை ஒதுக்கியது. இன்றைக்கு அங்கே நடக்கும் கண்காட்சிகளைப் பார்ப்பதற்கென்றே வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற கிழவன். ஆனாலும் யாராவது அந்தக் கூடங்களைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால், என் பிள்ளையைப் புகழ்ந்ததுபோல எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்தப் பெருமை முழுவதும் எனக்கு உரியதல்ல என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மிஸ்ஸிடம் ஒரேயொரு முறைதான் இருந்தது. வெளியே போய் உள்ளே வருவது. படங்களை மாட்டி முடித்ததும் மாணவர்கள் களைத்துப்போய் விறாந்தையில் கால் நீட்டியிருப்பார்கள். அப்போதுதான் அவர் தன் வேலையைத் தொடங்குவார். முழங்காலை மடித்துக் குறுகி, பள்ளிக்கூடப் பிள்ளையாக வருவார். "இந்த உயரத்துக்குச் சட்டத்தின்ரை அடிப்பலகைதான் தெரியுது, இறக்குங்கோ" என்பார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கண் மங்கிய ஓய்வூதியக்காரராக வருவார். இடுப்பில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு கைக்குழந்தைக்காரியாக வருவார். அப்படி வந்த நாளில்தான் பின்கூடத்தில் ஒரு பாய் விரிக்கப்பட்டது. படங்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அவருக்குக் கவலையெல்லாம் உள்ளே வருகிற ஆளைப் பற்றித்தான்.

ஒருநாள் அவர் நானாகவும் வந்தார். நான் பின்கூடத்தில் நிற்பது தெரியாமல் செய்தது. கையிரண்டையும் பின்னால் கட்டி, வயிற்றை முன்னே தள்ளி, சுவர்ப்பக்கம் திரும்பாமல் நேரே நடந்து முன்வரிசைக் கதிரையில் போய் உட்கார்ந்தார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சேருக்கு எல்லாம் நல்லாத் தெரிஞ்சது," என்றார். "கதிரை நல்ல கதிரையாம்."

நான் முன்னுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எழுந்து, கொஞ்சமும் கூச்சப்படாமல், "கதிரைகளைப் படம் தெரியிற மாதிரித் திருப்பிப் போட்டிருக்கிறம் சேர், இருந்து பாருங்கோ" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம். இரண்டு நாள் அவரோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது தனியாக இருக்கும்போது அந்த நடையை நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன். அச்சு அசலாக என் நடைதான் அது.

வாசலில் ஒரு மேசையும் வருகைப் புத்தகமும் வைப்பது முந்திய வழக்கம். வருகிறவர்கள் பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மிஸ் அந்த மேசையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கூடத்தின் கடைசியில் போட்டார். வருகிற பெரிய மனிதர்கள் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டேன்.

"போகேக்கை போடட்டும் சேர். வரேக்கையே பேரை எழுது, ஊரை எழுது எண்டால் எங்கடை சனத்துக்கு வேறை ஞாபகம் வந்திடும். இதுவும் ஒரு சோதனைச்சாவடியாக்கும் எண்டு திரும்பிப் போயிடுங்கள்."

மிகைப்படுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மாதம் முதல், சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்கள் மரக்கறிப் பையோடு எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். எட்டிப் பார்த்தவர்கள் உள்ளேயும் வந்தார்கள். பைகளைத் தரையில் வைத்துவிட்டு, இது என்ன, அது என்ன என்று மாணவர்களைக் கேட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்துக்குள் அவர்கள் கால்வைத்தது அதுதான் முதல் தடவை என்று பலர் சொன்னார்கள்.

மிஸ் பண்டத்தரிப்புப் பக்கத்தில் வெங்காயம் பயிரிடும் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ஒருமுறை சொந்தக்காரர்களை ஒரு வான் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார். பின்கூடத்தின் நடுவே ஒரு மாணவன் சின்ன வெங்காயத்தை மலைபோலக் குவித்து, மேலே ஒற்றை மின்குமிழைத் தொங்கவிட்டிருந்தான். அதுதான் அவனுடைய ஆக்கம். மிஸ்ஸின் பெரியம்மா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு கீழே உட்கார்ந்து, அழுகினவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். மற்றப் பெண்களும் சுற்றிவர உட்கார்ந்துவிட்டார்கள். யாருடைய மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யாருடைய மகன் கனடாவில் வீடு வாங்கிவிட்டான் என்று கதை நடந்தது. மாணவன் என்னிடம் ஓடிவந்தான். தன்னுடைய ஆக்கத்தைக் கலைக்கிறார்கள் என்று அழாக்குறையாக முறையிட்டான். போய்ப் பார்த்தால், மிஸ் சுவரில் சாய்ந்து நின்று அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சந்தோசத்தை அவருடைய முகத்தில் நான் வேறெப்போதும் கண்டதில்லை.

"குழப்பாதேங்கோ சேர்," என்றார் மெதுவாக. "அவை உள்ளுக்கு வந்திட்டினம்."

இனி, நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு மாணவி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் போய் அவர்கள் கைப்பையில் வைத்துத் திரியும் சின்னப் படங்களை வாங்கி வந்தாள். அவற்றைப் பார்த்துக் கரியால் பெரிய முகங்களாக வரைந்தாள். ஆள் உயரத் தாள்கள். முன்கூடத்தின் நீளச் சுவர் முழுவதும் முகங்கள்.  இதைப் பெரிதாகத் திறந்துவைக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன். உயர் அதிகாரி ஒருவரைப் பிரதம விருந்தினராக அழைத்தேன். தாய்மாரையும் கூப்பிட்டோம்.

மிஸ் என் அறைக்கு வந்து, இந்த முறை குத்துவிளக்கு வேண்டாம் என்றார். காரணம் கேட்டேன்.

"உள்ளுக்கு முகங்கள் இருக்கு சேர். முகத்துக்கு முன்னாலை விளக்கு வைச்சால், வாற ஆள் என்ன நினைக்கும்?"

அவர் காரணத்தைத் தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. என் மண்டைக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் உடுவிலில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். என் பாட்டனார் மிசன் பள்ளிக்கூட ஆசிரியர். வேதக்காரன் ஒருவன் பீடாதிபதியாக வந்ததும் விளக்கை நிறுத்திவிட்டான் என்ற சொல் வந்துவிடக்கூடாது என்பதில் நான் கண்ணுங்கருத்துமாக இருந்தேன். என் காலத்தில் நடந்த எந்த நிகழ்வும் விளக்கில்லாமல் தொடங்கவில்லை. நானே முன்னின்று திரியை ஏற்றுவேன்.

"நீங்கள் சைவக்காரி, விளக்கு வேண்டாமெண்டுறியள். நான் வேதக்காரன், வேணுமெண்டுறன். கேட்டால் சனம் சிரிக்கும்," என்றேன்.

அவரும் சிரித்தார். "அப்ப வெளியிலை வைப்பம். படலையடியிலை. உள்ளுக்கு மட்டும் வேண்டாம்."

நான் ஒப்புக்கொண்டேன்.

திறப்புவிழா அன்று சோளகக் காற்று சுழற்றி அடித்தது. விருந்தினர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார். மிஸ், தாய்மாரைக் கூட்டிவரப் பஸ் தரிப்பிடத்துக்குப் போயிருந்தார். படலையடியில் ஒரு திரிகூடப் பற்றவில்லை. நெருப்புக்குச்சி அணைந்துகொண்டேயிருந்தது. விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விளக்கை உள்ளே கொண்டுபோகச் சொன்னேன். சிற்றூழியர்கள் தூக்கிப்போய் நீளச் சுவரின் நடுவில், எல்லாவற்றிலும் பெரிய முகத்துக்கு முன்னால் வைத்தார்கள். புகைப்படத்துக்கும் அந்த இடம்தான் நன்றாக இருந்தது. விருந்தினர் முதல் திரியை ஏற்றினார். நான் இரண்டாவதை ஏற்றினேன். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

கைதட்டு ஓய்வதற்குள் தாய்மார் வந்துவிட்டார்கள். முதலில் உள்ளே வந்தவர் அரியாலையைச் சேர்ந்த அம்மா. நடுவில் இருந்த முகம் அவருடைய மகன்தான். வாசலுக்குள் இரண்டடி வைத்து நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்தார், எரிகிற விளக்கைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. கோட்டுப் போட்டு நின்ற என்னிடம் வந்தார்.

"ஆர் சொன்னது சேர்?"

எனக்கு விளங்கவில்லை.

"உங்களுக்கு ஆர் சொன்னது? எங்கை எடுத்தவை அவனை?"

அப்போதுதான் விளங்கியது. படித்தவர்கள், அதிகாரிகள், இத்தனை பேர் கூடி மகனின் படத்துக்கு விளக்கு வைத்திருக்கிறார்கள் என்றால், மகனின் உடலை எங்கோ கண்டெடுத்த சேதி அவர்களுக்கு வந்திருக்கிறது என்று அவர் நினைத்தார். அவர் வீட்டில் மகனுடைய படத்துக்கு ஒருநாளும் விளக்கு வைத்ததில்லை. பூ வைத்ததில்லை. சுவரில் மாட்டியதுகூட இல்லை.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். இது மங்கள விளக்கு, எந்த நல்ல நிகழ்வையும் இப்படித்தான் தொடங்குவது, படத்துக்கும் விளக்குக்கும் தொடர்பில்லை என்று வகுப்பில் பேசுகிற தமிழில் சொன்னேன். அவர் வைத்தியர் சொல்வதைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"ஓம் சேர். எங்கை எடுத்தவை எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் கத்தமாட்டன்."

பின்னால் வந்த மிஸ் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் கண்டுகொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, ஒரு சேதியும் வரேல்லை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. விளக்கை இடம்மாறி வைச்சுப்போட்டம். பிழை என்னிலை."

பிறகு போய்ச் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றினார். மாணவி ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தாள். சிற்றூழியர்கள் விளக்கை வெளியே எடுத்துப் போனார்கள். மிஸ் படத்தைத் தாங்கிக்கொண்டு நின்று கேட்டார்: "உங்கடை மகன் எங்கை நிக்க வேணும்? நீங்கள் சொல்லுங்கோ, அங்கை வைக்கிறம்."

 அந்த அம்மா கூடம் முழுவதையும் ஒருமுறை பார்த்தார்.

"வாசலடியிலை," என்றார் கடைசியில். "அவன் வீட்டிலை இருக்கிறவனில்லை. எந்தநேரமும் படலையடியிலைதான் நிண்டு ஆரோடையும் கதைச்சுக்கொண்டு நிப்பான்."

மிஸ் சுத்தியலை வாங்கி, வாசலோரம் தானே ஆணி அடித்தார். உயர் அதிகாரி நின்றுகொண்டேயிருந்தார். மற்றத் தாய்மாரும் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் யன்னலோரம் கேட்டார். இன்னொருவர், தன் மகன் தனியே நிற்கப் பயப்படுவான், பக்கத்தில் யாரையாவது விடுங்கள் என்றார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு முகம், பாய் விரித்த மூலையில் ஒரு முகம் என்று இரண்டு கூடங்களிலும் அந்தப் பிள்ளைகள் பரவி நின்றார்கள். மாணவி ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு படம் படமாகத் தூக்கிப் போனாள். விருந்தினர் உரையாற்றாமலே புறப்பட்டுவிட்டார்.

மாலையில் நான் உள்ளே வந்தபோது, வாசலிலேயே ஒரு பெடியன் நின்று என்னைப் பார்த்தான். அது படம் என்று உணரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. சுவரில் வரிசையாக இருந்தபோது அவை நல்ல ஓவியங்களாகத் தெரிந்தன. இப்போது ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேலையாக அந்த வீட்டுக்குள் நிற்பதுபோல இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கண்காட்சிகளைப் பார்த்துவிட்டேன். அதற்கு நிகரான ஒன்றை எங்கேயும் பார்க்கவில்லை.

விருந்தினரை அவமதித்ததாக முறைப்பாடு வந்தது. பீடக் கூட்டத்தில், விளக்கை உள்ளே வைத்தது யார் என்று ஒருவர் கேட்டார். தலைமைக் கதிரையில் நான் இருந்தேன். "கண்காட்சிக்குப் பொறுப்பு நான்தான்," என்றார் மிஸ்.  அடுத்த விடயத்துக்குப் போவோம் என்றேன். ஒரு வருடத்துக்குக் கலைக்கூடப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அதில் என் கையெழுத்தும் இருந்தது.

அதோடும் நான் விடவில்லை. அந்தக் கண்காட்சியின் பேர் பரவி, கொழும்பிலிருந்து ஒரு விமர்சகர் வந்தார். முகங்களை இப்படி வைக்க யாருக்குத் தோன்றியது என்று வியந்து கேட்டார். எங்கள் பீடத்தின் முடிவு என்றேன் நான். மிஸ் பக்கத்தில்தான் நின்றார். "தேத்தண்ணி ஆறப்போகுது, வாங்கோ" என்று வந்தவரைக் கூட்டிப் போனார். பிறகும் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. பொறுப்பு மறுபடி அவரிடம் வந்ததும், பழையபடி குடையோடு வெளியே போய் உள்ளே வரத் தொடங்கினார்.

போன மாரியில் மிஸ் நோயில் இறந்துபோனார். சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன். அரியாலை அம்மாவிடமாவது சொல்வோம் என்று ஒருநாள் காலை புறப்பட்டேன். வெள்ளைச் சேட்டு, சப்பாத்து, கையில் தடி. ஒழுங்கையின் கடைசியில், கடல்நீரேரிக்குக் கிட்ட அவர் வீடு. முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். படலையைத் திறந்துகொண்டு நேரே போய், வழியெல்லாம் யோசித்து வைத்ததைச் சொன்னேன்.

"அம்மா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும்."

என்னை அடையாளம் கண்டுகொண்டார். கத்தி மீன் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு நிலத்தில் கையூன்றினார். 

"எங்கையாம் சேர்?"

அதே பிழையை இரண்டாம் தரமும் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இல்லையம்மா, இல்லை. மகனைப் பற்றி எனக்கு ஒண்டுமே தெரியாது. ஒரு சேதியும் இல்லை."

அவர் நிலத்தில் ஊன்றிய கையை மெல்ல எடுத்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு எனக்கொரு கதிரை கொண்டுவந்து போட்டார். விளக்கை உள்ளே வைக்கச் சொன்னது மிஸ் அல்ல, நான்தான் என்று சொன்னேன். பீடக் கூட்டத்தில் நடந்ததையும் விமர்சகரிடம் சொன்னதையும் சொன்னேன். 

"சரி, அதை விடுங்கோ சேர். அது எப்பவோ முடிஞ்ச கதை," என்றார். மீன் பக்கம் வந்த காகத்தைக் கலைத்தார். "மிஸ் இஞ்சை மாதாமாதம் வாறவ, தெரியுமோ?"

எனக்குத் தெரியாது.

"ஒழுங்கைக்குள்ளை திரும்பேக்கையே பெரிசாச் சத்தம் வைப்பா. அம்மா, சேதி ஒண்டுமில்லை, சும்மா வந்தனான் எண்டு. அயலட்டையெல்லாம் சிரிக்கும். படிச்ச பொம்பிளை உப்பிடிக் கத்துறாவே எண்டு. ஆனால் எனக்கு நெஞ்சு இடிக்காது. சந்தோசமா எழும்பிப் போய்ப் படலையைத் திறப்பன்." படலைப் பக்கம் பார்த்துவிட்டு, "இப்ப ஒருத்தரும் அப்பிடி வாறேல்லை," என்றார்.

இப்போது மாதத்தில் ஒருநாள் நான் அரியாலைக்குப் போகிறேன். இந்த வயதில் குரல் அவ்வளவாக எழும்புவதில்லை. ஒழுங்கைக்குள் திரும்பியதும் தடியை ஊன்றி நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, முடிந்த மட்டும் உரக்கச் சொல்கிறேன்:

"அம்மா, சேதி ஒண்டுமில்லை. சும்மா வந்தனான்."